சிடிஎல்ஏ-4: ஜேம்ஸ் ஆலிசன் கண்டுபிடித்ததும் கண்டுபிடிக்காததும்

கேள்வி இது: "சிடிஎல்ஏ-4 மூலக்கூறை முதலில் கண்டுபிடித்தது பிரெஞ்சுக்காரர்கள். அது டி செல்லை, அதாவது நோய் எதிர்ப்பு மண்டலத்தின் ஒரு வகை வெள்ளையணுவை, தடுத்து நிறுத்தும் பிரேக் என்று ஆலிசனுக்கு முன்பே இன்னொரு குழு எழுதியிருக்கிறது. மருந்தைத் தயாரித்தது ஒரு கம்பெனி. அப்படியிருக்க 2018 மருத்துவ நோபல் ஏன் அமெரிக்க நோய் எதிர்ப்பியல் ஆய்வாளர் ஜேம்ஸ் ஆலிசனுக்குப் போனது? அவருடைய ஆய்வின் செல்வாக்கை எதை வைத்து அளப்பது?"

மூன்று தகவல்களுமே சரி. ஆனாலும் பரிசு சரியான ஆளுக்குத்தான் போயிருக்கிறது என்பது என் கருத்து. அதற்குக் காரணம் சொல்ல வேண்டுமானால் 1980-களின் கடைசிக்குப் போக வேண்டும்.

1987-ல் மார்செய் நகரத்தில் பியர் கோல்ஸ்டீனின் குழு சிடிஎல்ஏ-4 மரபணுவைப் பிரித்தெடுத்தது. அது என்ன வேலை செய்கிறது என்பது யாருக்கும் தெரியாது. டி செல்களில் இருக்கிறது, தோற்றத்தில் சிடி28 என்ற இன்னொரு மூலக்கூறுக்கு உடன்பிறப்பு மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். சிடி28-ஐப் பற்றி ஓரளவு தெரியும். டி செல் தன் ஏற்பியால் எதிரியை அடையாளம் கண்டால் மட்டும் போதாது, இரண்டாவதாக ஒரு சமிக்ஞையும் வர வேண்டும். அந்த இரண்டாவது சமிக்ஞை சிடி28 வழியாக வருகிறது. இதை நிலைநாட்டியவர்களில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் இருந்த ஆலிசனின் ஆய்வகமும் ஒன்று.

சிடி28 எந்த மூலக்கூறுகளைப் பிடிக்கிறதோ அதே பி7 மூலக்கூறுகளை சிடிஎல்ஏ-4 இன்னும் பல மடங்கு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதை பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்க்விப் கம்பெனியில் இருந்த பீட்டர் லின்ஸ்லியின் குழு காட்டியது. அப்படியானால் இதுவும் சிடி28 போலவே டி செல்லை முடுக்கிவிடுகிற ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். இன்று தவறாகத் தெரிந்தாலும் அன்று கையில் இருந்த தரவுக்கு அது நியாயமான ஊகம்தான். 1994-ல் சிகாகோவில் ஜெஃப்ரி புளூஸ்டோனின் குழு, 1995-ல் ஆலிசனும் அவரது மாணவர் மேக்ஸ் கிரம்மலும், இது முடுக்கி அல்ல, பிரேக் என்று எழுதினார்கள். அதே 1995-ல் இரண்டு தனித்தனிக் குழுக்கள் சிடிஎல்ஏ-4 இல்லாத எலிகளை உருவாக்கின. அந்தக் குட்டிகள் பிறந்து மூன்று நான்கு வாரங்களில் செத்துப்போயின. கட்டுமீறிப் பெருகிய டி செல்கள் இதயம் உட்படப் பல உறுப்புகளுக்குள் புகுந்திருந்தன. விவாதம் அத்தோடு முடிந்தது.

ஆக, "பிரேக்" என்பது ஆலிசனின் தனிச் சொத்து அல்ல. அதைத் தெரிந்துகொண்ட பிறகு ஒவ்வொருவரும் எந்தப் பக்கம் போனார்கள் என்று பாருங்கள். நோய் எதிர்ப்பியல் ஆட்களில் பெரும்பாலோர் தன்னுடல் தாக்கு நோய்கள் பக்கமும் உறுப்பு மாற்று சிகிச்சை பக்கமும் போனார்கள். பிரேக்கை இன்னும் அழுத்தினால் முடக்குவாதத்துக்கு மருந்து ஆகுமே என்ற யோசனை. அதுவும் பலித்தது. சிடிஎல்ஏ-4-ன் வெளிப்பகுதியை எடுத்துச் செய்த அபடாசெப்ட் 2005-ல் முடக்குவாதத்துக்கு அமெரிக்க அனுமதி பெற்று இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. பிரேக்கை எடுத்துவிட்டால் புற்றுநோய்க் கட்டி என்ன ஆகும் என்ற கேள்வியைக் கேட்டு, அதற்கான சோதனையையும் செய்து, பதில் கிடைத்த பிறகு பதினைந்து வருடம் அதை விடாமல் துரத்தியவர் ஆலிசன்.

ஏன் அவருக்கு மட்டும் அந்தப் பக்கம் கண் போனது? குடும்பக் காரணத்தை எல்லாரும் சொல்வார்கள். டெக்சாஸில் ஆலிஸ் என்ற சிற்றூரில் 1948-ல் பிறந்தவர், சிறுவனாக இருக்கும்போதே தாயை லிம்போமாவுக்குப் பறிகொடுத்தவர். பின்னாளில் அண்ணனையும் புற்றுநோய் கொண்டுபோனது. அது உண்மைதான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர் மாணவராக இருந்தபோது நடந்த ஒரு சின்ன விஷயம். ஆஸ்டினில் முனைவர் பட்டத்துக்காக ரத்தப் புற்றுநோய்க்கான அஸ்பராஜினேஸ் என்ற நொதியில் வேலை செய்துகொண்டிருந்தார். எலிகளுக்கு நோய் குணமாகிவிட்டது. குணமான எலிகளைச் சும்மா வைத்திருப்பானேன் என்று அதே புற்றுநோய்ச் செல்களை மறுபடி ஊசி போட்டுப் பார்த்தார். இந்த முறை கட்டி வரவே இல்லை. ஆய்வுத் திட்டத்தில் அப்படி ஒரு சோதனையே கிடையாது. உடம்பு அந்தப் புற்றுநோயை நினைவில் வைத்துக்கொண்டது என்பதை அவர் அப்போதே கண்ணால் பார்த்துவிட்டார்.

பிறகு 1982-ல், டெக்சாஸின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் ஸ்மித்வில் கிளையில் இருந்தபோது, டி செல் ஏற்பி என்று பின்னால் உறுதியான புரதத்தை ஓர் ஆன்டிபாடி (குறிப்பிட்ட ஒன்றை மட்டும் தேடிப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதம்) கொண்டு அடையாளம் காட்டிய கட்டுரையை வெளியிட்டார். அந்த ஏற்பி எப்படி இருக்கும் என்று துறையின் பெரிய பெரிய ஆய்வகங்கள் தேடிக்கொண்டிருந்த காலம் அது. நோபல் பேச்சு வரும்போது இந்தக் கட்டுரையை யாரும் சொல்வதில்லை. ஆனால் பெர்க்லிக்கு அவரைக் கொண்டுபோனதில் இதற்கு நிச்சயம் பங்கு உண்டு.

சரி, அந்த எலிச் சோதனைக்கு வருவோம். 1994-ன் கடைசி மாதங்கள். ஆய்வகத்தில் சேர்ந்திருந்த டேனா லீச், கட்டி உள்ள எலிகளுக்கு சிடிஎல்ஏ-4-ஐத் தடுக்கும் ஆன்டிபாடியைக் கொடுத்தார். கொடுத்த எலிகளில் கட்டி மறைந்தது, கொடுக்காத எலிகளில் வளர்ந்தது. முடிவு இவ்வளவு சுத்தமாக வந்தால் எந்த ஆய்வாளருக்கும் முதலில் சந்தேகம்தான் வரும். உடனே திரும்பச் செய்யச் சொன்னார் ஆலிசன். லீச்சுக்கோ கிறிஸ்துமஸ் விடுமுறைப் பயணம் இருந்தது. "ஊசியைப் போட்டுவிட்டுப் போ, அளப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன், எந்தக் கூண்டில் எந்த மருந்து என்று மட்டும் எனக்குச் சொல்லாதே" என்பதுதான் ஏற்பாடு. விடுமுறை நாட்களில் ஆலிசனே கட்டிகளை அளந்து குறித்தார். முதலில் எல்லாக் கூண்டிலும் கட்டி வளர்ந்துகொண்டே போனது, அவருக்கு மனசு விட்டுப்போனது. அப்புறம் சில கூண்டுகளில் மட்டும் வளர்ச்சி நின்றது. பிறகு சுருங்கியது, பிறகு காணாமல் போனது. அந்தக் கூண்டுகள் எவை என்று சொல்லத் தேவையில்லை.

முதலில் வளர்ந்து, நின்று, பிறகே சுருங்கும் இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து மனிதர்களிடமும் இதே வரிசைதான் வந்தது, அது முடியும்வரை காத்திருக்காமல் ஒரு பெரிய கம்பெனி கோட்டை விட்டது.

1996 மார்ச்சில் லீச், கிரம்மல், ஆலிசன் மூவர் பெயரில் சயின்ஸ் இதழில் அந்தக் கட்டுரை வந்தது. மூன்றே பக்கம். அதற்கு முன் நூறு வருடமாக இந்தத் துறை செய்துவந்தது வேறு வேலை. 1890-களில் நியூயார்க்கில் வில்லியம் கோலி பாக்டீரியா நச்சை ஊசி போட்டுக் கட்டியைக் கரைக்கப் பார்த்தார். பிறகு இன்டர்ஃபெரான், இன்டர்லூகின்-2, விதவிதமான புற்றுநோய்த் தடுப்பூசிகள் என்று வந்தன. எல்லாமே எதிர்ப்பு மண்டலத்தை இன்னும் கொஞ்சம் உசுப்பிவிடும் முயற்சிகள். சில நோயாளிகளுக்குப் பலன் கிடைத்தது, பெரும்பாலோருக்கு இல்லை. இம்யூனோதெரபி, அதாவது எதிர்ப்பு மண்டலத்தைக் கொண்டே செய்யும் சிகிச்சை, என்றாலே புற்றுநோய் மருத்துவர்கள் உதட்டைப் பிதுக்கும் நிலை. ஆலிசனின் கட்டுரை எடுத்துக்கொண்ட கேள்வி வேறு: டி செல் ஏற்கெனவே வேலையை ஆரம்பித்துவிட்டதென்றால் அதை நிறுத்துவது எது? இதில் சிகிச்சை கட்டிக்கு அல்ல, டி செல்லுக்கு. அதனால் எந்த உறுப்பில் வந்த புற்றுநோய், அதன் மேல் என்ன புரதம் இருக்கிறது என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். கொள்கை அளவில் ஒரே மருந்து பல புற்றுநோய்களுக்குப் பொருந்தும். இந்தத் திருப்பம்தான் ஆலிசனுடையது. மூலக்கூறைக் கண்டுபிடித்ததைவிட இது பெரிது என்று நான் நினைக்கிறேன்.

ஒரு பக்கக் குறிப்பு. எலியின் மெலனோமாவில் (நிறமிச் செல்களில் வரும் தோல் புற்றுநோய்), அதிலும் பி16 என்ற புகழ்பெற்ற வகையில், இந்த ஆன்டிபாடி தனியாக வேலை செய்யவில்லை. ஒரு தடுப்பூசியோடு சேர்த்தால்தான் கேட்டது. கேட்டபோது எலியின் கறுப்பு முடி வெளுத்தது, அதாவது சாதாரண நிறமிச் செல்களையும் டி செல்கள் தாக்கின. மனித மெலனோமாவில் நடந்தது இதற்கு நேர்மாறு: ஆன்டிபாடி தனியாகவே வேலை செய்தது, கூடச் சேர்த்த தடுப்பூசியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. எலியை நம்பி மனிதனுக்குக் கணக்குப் போடுவது பற்றி இதைவிட நல்ல பாடம் கிடையாது.

கட்டுரை வந்ததும் கம்பெனிகள் வரிசையில் நின்றிருக்கும் என்று நினைப்பீர்கள். யாரும் தொடவில்லை. கடைசியில் மனித ஆன்டிபாடி சுரக்கும் எலிகளை வைத்திருந்த மெடாரெக்ஸ் என்ற சிறிய கம்பெனி எடுத்துக்கொண்டது. அங்கே நில்ஸ் லோன்பெர்க், ஆலன் கோர்மன் ஆகியோர் இருந்தார்கள். அவர்கள் செய்த ஆன்டிபாடிதான் பின்னால் இபிலிமுமாப் ஆனது. 2009-ல் பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்க்விப் மெடாரெக்ஸையே 240 கோடி டாலருக்கு வாங்கியது. பழைய லின்ஸ்லி இருந்த அதே கம்பெனிதான்! 2004-ல் ஆலிசன் பெர்க்லியை விட்டு நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனதும் இந்த மருந்து நோயாளிகளைச் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

இதற்கிடையே ஃபைசர் கம்பெனியும் சிடிஎல்ஏ-4-க்கு ட்ரெமெலிமுமாப் என்ற ஆன்டிபாடியை வைத்திருந்தது. கீமோவுக்கு வழக்கமான அளவுகோல் என்னவென்றால், சில வாரங்களில் ஸ்கேன் எடு, கட்டி சுருங்கியிருந்தால் பலன், பெரிதாகியிருந்தால் மருந்து தோற்றது. எதிர்ப்பு மண்டலம் அந்த வேகத்தில் வேலை செய்வதில்லை. டி செல்கள் கூட்டமாகக் கட்டிக்குள் நுழையும்போது ஸ்கேனில் கட்டி பெரிதாகத் தெரியும். புதுக் கட்டிகள் முளைத்தது போலவும் காட்டும். ஃபைசரின் மூன்றாம் கட்ட ஆய்வு 2008-ல் இடைக்கணக்குப் பார்த்ததுமே கீமோவைவிட மேலாக எதுவும் தெரியவில்லை என்று நிறுத்தப்பட்டது. இபிலிமுமாப் ஆய்வை நடத்தியவர்களோ, ஆய்வு போய்க்கொண்டிருக்கும்போதே முக்கிய அளவுகோலைக் கட்டியின் சுருக்கத்திலிருந்து நோயாளி எவ்வளவு காலம் உயிரோடிருக்கிறார் என்பதற்கு மாற்றிக்கொண்டார்கள். மருந்தைக் காப்பாற்றியது இந்த மாற்றம். ட்ரெமெலிமுமாப் வேறொரு மருந்தோடு சேர்ந்து கல்லீரல் புற்றுநோய்க்கு அனுமதி பெற 2022 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

2010-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் முடிவு வந்தது. பரவிவிட்ட மெலனோமா உள்ள 676 பேர். ஒப்பீட்டுக்காகப் புற்றுநோய்த் தடுப்பூசி மட்டும் பெற்றவர்களில் பாதிப்பேர் உயிரோடு தாண்டிய காலம் 6.4 மாதம். இபிலிமுமாப் பெற்றவர்களுக்குச் சுமார் 10 மாதம். இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றும். அடுத்த எண்ணைப் பாருங்கள். இபிலிமுமாப் மட்டும் பெற்றவர்களில் கட்டி கணிசமாகச் சுருங்கியது சுமார் 11 சதவீதம் பேருக்குத்தான். ஆனால் இரண்டு வருடம் கழித்து உயிரோடிருந்தவர்கள் 23.5 சதவீதம். பழைய அளவுகோல் பாதியைப் பார்க்கவே இல்லை. பிறகு 1,861 நோயாளிகளின் தரவைச் சேர்த்துப் பார்த்த 2015 ஆய்வில், மூன்றாவது வருடத்துக்கு அப்புறம் உயிர்பிழைப்புக் கோடு கிட்டத்தட்ட 21 சதவீதத்தில் தட்டையாகிப் பத்து வருடம் வரை அப்படியே போனது. சராசரியாக ஒரு வருடம்கூடத் தாங்காத நோயில் இது. 2011 மார்ச் 25 அன்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது.

கேள்வியின் இரண்டாவது பாதிக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. அந்த 2010 கட்டுரையில் ஏறத்தாழ முப்பது ஆசிரியர்கள். அதில் ஆலிசன் பெயர் கிடையாது. அவருடைய யோசனைக்குக் கிடைத்த ஆகப்பெரிய சான்று அது, ஆனால் அந்தக் கட்டுரைக்கு வந்த மேற்கோள்கள் அவர் கணக்கில் சேராது. எச்-இன்டெக்ஸ் (மேற்கோள்களை வைத்து ஆய்வாளரை அளக்கும் எண்), மேற்கோள் எண்ணிக்கை எல்லாம் அவருக்கு எக்கச்சக்கமாக இருக்கிறது, ஆனால் அதை வைத்து மட்டும் அளந்தால் விஷயம் கையை விட்டு நழுவும். அதுவும் அவர் பெயரில் அதிகம் மேற்கோள் காட்டப்படுபவற்றில் பிற்காலத் தொகுப்புக் கட்டுரைகளும் அடக்கம். முன்னுரையில் ஒரு வரி எழுத எல்லாரும் அவற்றை இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். செல்வாக்கு எது என்றால், மற்றவர்கள் எதை வேறு மாதிரி செய்ய ஆரம்பித்தார்கள் என்பதுதான்.

அப்படிப் பார்த்தால் முதலில் மாறியது ஸ்கேனைப் படிக்கும் விதம். 2009-ல் புற்றுநோய் மருத்துவர் ஜெட் வோல்சாக் முதலானோர் இம்யூனோதெரபிக்கென்றே தனிப் பலன் அளவுகோலை முன்வைத்தார்கள், 2017-ல் ஐரெசிஸ்ட் என்ற பொது விதி வந்தது. புள்ளியியல் ஆட்களுக்கும் தலைவலி. இரண்டு குழுக்களின் உயிர்பிழைப்புக் கோடுகள் முதல் சில மாதம் ஒன்றாகவே போய் அப்புறம் பிரிகின்றன. ஆபத்து விகிதம் (இரண்டு குழுக்களின் இறப்பு வேகத்துக்கு இடையிலான விகிதம்) எப்போதும் ஒரே அளவில் இருக்கும் என்ற பழைய அனுமானத்தில் போட்ட கணக்கு இங்கே சரிவரவில்லை. ஆகவே ஆய்வுகளைத் திட்டமிடும் முறையே மாறியது. மூன்றாவது, பக்கவிளைவுகள். கீமோவின் வாந்தியையும் முடி உதிர்வையும் பார்த்துப் பழகிய வார்டுகளில் திடீரென்று கடும் பெருங்குடல் அழற்சி, கல்லீரல் அழற்சி, பிட்யூட்டரி சுரப்பி வீக்கம் என்று வந்தன. முதல் ஆய்வுகளில் வயிற்றுப்போக்கைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டு குடல் ஓட்டையாகிப்போன சம்பவங்கள் உண்டு. இன்று பேதி இரண்டாம் நாளும் தொடர்ந்தாலே ஸ்டீராய்டு பற்றி யோசிக்கிறார்கள். குடல் மருத்துவரும் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரும் புற்றுநோய் சிகிச்சைக் குழுவில் இடம்பிடித்தது இப்படித்தான்.

நான்காவது, பிடி-1 என்ற இன்னொரு டி செல் மூலக்கூறு. 2018 நோபலை ஆலிசனோடு பகிர்ந்துகொண்ட டாசுகு ஹோஞ்சோவின் கியோட்டோ ஆய்வகம் 1992-லேயே அதைக் கண்டுபிடித்திருந்தது. 1999-ல் அதுவும் ஒரு பிரேக் என்று எலியில் காட்டியது. சிடிஎல்ஏ-4-ஐப் போல அது முரட்டுத்தனமானது அல்ல, பக்கவிளைவு குறைவு, பலனோ பரவலானது. இன்று ஆஸ்பத்திரிகளில் ஓடுவது பெரும்பாலும் பிடி-1 மருந்துகள்தான்: நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப். ஹோஞ்சோவின் பாதை தனிப் பாதை, ஆலிசனிடமிருந்து கிளைத்தது அல்ல. ஆனால் பிடி-1 மருந்துகளை மனிதரிடம் பரிசோதிக்கக் கம்பெனிகளுக்குத் துணிச்சல் வந்ததில் இபிலிமுமாப் போட்ட தடத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இரண்டையும் சேர்த்துக் கொடுத்த 945 பேர் ஆய்வின் பத்து வருடக் கணக்கு 2024-ல் வந்தது. இரண்டும் சேர்ந்தால் 43 சதவீதம் பேர் பத்து வருடம் கழித்தும் உயிரோடு, நிவோலுமாப் மட்டும் என்றால் 37, இபிலிமுமாப் மட்டும் என்றால் 19.

நோபலில் விடுபட்டவர்கள் பற்றிய மனத்தாங்கல் இன்னும் ஓயவில்லை. பிடி-1 பிடித்துக்கொள்ளும் இணை மூலக்கூறான பிடி-எல்1 பக்கம் லியெப்பிங் சென், கோர்டன் ஃப்ரீமன், ஆர்லீன் ஷார்ப் ஆகியோரின் பங்கு சின்னதல்ல. மூன்று பேருக்கு மேல் கொடுக்க முடியாது என்பது விதி, ஆனால் 2018-ல் கொடுத்ததே இரண்டு பேருக்குத்தான். மூன்றாவது நாற்காலி காலியாக இருந்தது என்பதை அமெரிக்க, சீன ஆய்வாளர்கள் பலர் இன்றும் சொல்லிக் காட்டுகிறார்கள். எனக்கும் அது உறுத்தலாகத்தான் இருக்கிறது.

செல்வாக்கு என்றால் நல்லது மட்டும் அல்ல. "அடுத்த பிரேக் எது" என்று எல்லாரும் ஒரே பக்கம் ஓடினார்கள். லாக்-3 என்ற பிரேக்குக்கான மருந்து 2022-ல் மெலனோமாவுக்கு அனுமதி பெற்றது. ஐடிஓ என்ற நொதியைத் தடுக்கும் எபகாடோஸ்டாட் 2018-ல் பெரிய ஆய்வில் படுத்துவிட்டது. டிஜிட் என்ற இன்னொரு பிரேக்கில் கொட்டிய பணத்துக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் வரவில்லை. பிடி-1 மருந்தோடு கைக்குக் கிடைத்ததையெல்லாம் சேர்த்து ஆயிரக்கணக்கான ஆய்வுகள் ஓடின. அவற்றில் பலவற்றுக்கு உயிரியல் காரணம் ஒன்றும் பெரிதாகக் கிடையாது. ஆலிசனும் அவருடைய மனைவியும் சக ஆய்வாளருமான பத்மனீ சர்மாவும், ஆலிசன் பின்னால் திரும்பிப்போன எம்.டி. ஆண்டர்சனில் செய்துவருவது இதற்கு நேரெதிரான வேலை. அறுவை சிகிச்சைக்கு முன்பே மருந்தைக் கொடுத்து, வெட்டி எடுத்த கட்டிக்குள் என்ன நடந்திருக்கிறது என்று பார்ப்பது. மெதுவான வேலை, ஆனால் ஏன் வேலை செய்தது, ஏன் செய்யவில்லை என்று தெரிந்துகொள்ள வேறு குறுக்குவழி கிடையாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இபிலிமுமாப் சரியாக எப்படி வேலை செய்கிறது என்பதே இன்னும் தீரவில்லை. ஆலிசன் முதலில் சொன்னபடி பிரேக்கை மறைப்பதாலா, அல்லது கட்டிக்குள் சிடிஎல்ஏ-4-ஐ நிறையச் சுமந்துகொண்டிருக்கும் ஒழுங்காற்று டி செல்களை (மற்ற டி செல்களை அடக்கிவைக்கும் வகை) கொல்வதாலா? எலியில் இரண்டாவதுக்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. 2013-ல் அதைக் காட்டிய கட்டுரைகளில் ஒன்றில் ஆலிசனும் ஓர் ஆசிரியர். மனிதரிடம் என்ன என்பதில் இன்னும் சண்டைதான்.

எத்தனை பேருக்கு இதனால் பயன் என்றும் பார்த்துவிட வேண்டும். 2019-ல் வந்த ஒரு மதிப்பீட்டின்படி, அமெரிக்கப் புற்றுநோயாளிகளில் சுமார் 44 சதவீதம் பேர் இவ்வகை மருந்துகளுக்குத் தகுதி உள்ளவர்கள், உண்மையில் பலன் பெறக்கூடியவர்கள் சுமார் 12 சதவீதம். கணையப் புற்றுநோயிலும் மூளையின் கிளையோபிளாஸ்டோமாவிலும் இந்த மருந்துகள் தனியாகப் பெரும்பாலும் எடுபடுவதில்லை. "இம்யூனோதெரபி வந்துவிட்டது, இனிக் கவலை இல்லை" என்று வாட்ஸ்ஆப்பில் வரும் செய்திகளை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

விலை இன்னொரு சுவர். 2011-ல் இபிலிமுமாப் நான்கு ஊசிக்கு 1,20,000 டாலர். இந்த இடத்தில் நம் நாட்டிலிருந்து வந்த ஒரு ஆய்வை அவசியம் சொல்ல வேண்டும். மும்பை டாட்டா மெமோரியலில் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் நிவோலுமாப்பை மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம். ஏற்கெனவே கொடுக்கும் மலிவான மாத்திரைகளோடு இதைச் சேர்த்ததில், ஒரு வருடம் உயிரோடிருந்தவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமாக உயர்ந்தார்கள். ஆன்டிபாடி ஏற்பியைப் பிடித்து நிரப்ப எவ்வளவு தேவையோ அவ்வளவு போதும், அதற்கு மேல் கொட்டுவதில் லாபம் இல்லை என்ற வாதத்துக்கு இது பலம் சேர்த்தது. முழு அளவோடு நேரடியாக ஒப்பிட்ட ஆய்வு அல்ல இது. ஆனால் முழு அளவுக்குப் பணம் இல்லாத நோயாளிக்கு ஒப்பீடு முழு அளவோடு அல்ல, ஒன்றுமே கிடைக்காததோடுதான்.

நீங்கள் மாணவர் என்றால், தொகுப்புக் கட்டுரைகளில் ஆரம்பிக்காதீர்கள். 1995-ல் கிரம்மலும் ஆலிசனும் எழுதியதை முதலில் படியுங்கள், பிறகு 1996-ன் அந்த மூன்று பக்கம், பிறகு 2010-ன் மருத்துவ ஆய்வு. 1996 கட்டுரையில் ஒரு கூறை மட்டும் தவறவிடாதீர்கள்: கட்டி மறைந்த எலிகளுக்கு அதே புற்றுநோய்ச் செல்களை மறுபடி ஊசி போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.